சொத்தை இல்லை, பல்லும் இல்லை

1970ஆம் ஆண்டில் இலங்கை மலையகத்தின் டன்சினன், ஹெரோ ஆகிய இரண்டு தேயிலைத் தோட்டங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் 480 தமிழ்த் தொழிலாளர்கள். எல்லோரும் ஆண்கள், 14 வயதிலிருந்து 31 வயதுக்குள் இருந்தவர்கள். பல் மருத்துவர்கள் அவர்களுடைய பற்களைச் சுற்றி, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்குள் இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து எழுதிக்கொண்டார்கள். பிறகு 1985 வரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து அதே வாய்களை அதே முறையில் அளந்தார்கள்.

அந்தத் தொழிலாளர்களுக்குப் பிரஷ் பிடித்துப் பல் துலக்கும் வழக்கம் இல்லை. பல் மருத்துவமும் அவர்களை எட்டியதில்லை. எல்லோர் பல்லிலும் அழுக்கும், அது கல்லாக இறுகிய காரையும் ஏறக்குறைய ஒரே அளவில் மண்டியிருந்தன. எல்லோர் ஈறும் வீங்கியிருந்தது. ஆனால் சொத்தைப் பல் என்பது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆய்வாளர்களுக்கு இது பெரிய வசதி. ஒருவருக்குப் பல் விழுந்தால் அதற்குச் சொத்தை காரணமா, ஈறு காரணமா என்று குழம்ப வேண்டியதில்லை. விழுந்த பல் எல்லாமே ஈறுநோயால் விழுந்த பல்தான்.

பதினைந்து ஆண்டு முடிவில் வந்த கணக்கு பல் மருத்துவம் படிக்கும் மாணவர்கள் உலகம் முழுவதும் இன்றுவரை படிப்பது. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் காட்டுத்தீயாகப் பரவியது. அவர்களுக்கு 20 வயதிலேயே பல் விழ ஆரம்பித்தது. 35 வயதில் சராசரியாக 12 பல் போயிருந்தன; 40இல் 20 பல்; 45 வயதில் வாயில் ஒன்றுகூட மிச்சமில்லை. சுமார் 81 சதவீதம் பேருக்கு நோய் நிதானமாக நகர்ந்தது. முப்பதைத் தாண்டிய பிறகே பல் விழத் தொடங்கி, 45 வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தன. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு சரி. அதற்குமேல் நோய் ஒரு அடிகூட நகரவில்லை. பல்லும் விழவில்லை.

ஒரே தோட்டம், ஒரே லயம் (தோட்டத்து வரிசை வீடு), ஒரே சாப்பாடு, ஒரே அளவு அழுக்கு. முடிவு மட்டும் மூன்று விதம். ஈறுநோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். மீதிப் பாதி, இந்த ஆய்வை நடத்தியவரே சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில் செய்த சிறிய சோதனையில் இருக்கிறது.

பன்னிரண்டு பேர் பல் துலக்காமல் இருந்தபோது

அவர் ஹரால்ட் லோ. நார்வேக்காரர், பின்னாளில் அமெரிக்க அரசின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரானவர். 1960களில் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் பேராசிரியராக இருந்தபோது, ஈறு ஏன் வீங்குகிறது என்ற கேள்விக்கு நேரடியாக விடை தேடினார். சத்துக் குறைவு என்றார்கள் சிலர். வயது என்றார்கள் சிலர். உடம்புவாகு என்றும் சொன்னார்கள். லோ, ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பிடித்தார். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: பல் துலக்காதீர்கள்.

பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. மறுபடி துலக்கச் சொன்னார். ஒரு வாரம் போல ஆனதும் எல்லோர் ஈறும் பழையபடி ஆகிவிட்டது. 1965இல் வெளியான இந்தச் சோதனையோடு பழைய விவாதம் முடிந்தது. ஈறு வீங்கக் காரணம் பல்லில் படியும் கிருமிப் படலம். அதை எடுத்தால் வீக்கம் போகும். இவ்வளவுதான்.

ஈறுநோயின் முதல் கட்டம் இது. ஈறு மட்டும் வீங்கியிருக்கும். பல் துலக்கும்போது ரத்தம் கசியும். பல்லைப் பிடித்திருக்கும் எலும்புக்கு இன்னும் ஒன்றும் ஆகியிருக்காது. இந்தக் கட்டத்தில் முழுமையாகத் திரும்பிவிடலாம். இரண்டாம் கட்டத்துக்குப் போனால் அந்த வசதி இல்லை. அங்கே எலும்பு கரையத் தொடங்கிவிடுகிறது, கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை. தோட்டத் தொழிலாளர்களிடம் லோ அளந்தது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான்.

ஈறுக்குக் கீழே நடப்பது

பல்லைத் துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அதன்மேல் கிருமிகள் வந்து ஒட்டும். ஒட்டியவை பெருகி, பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரு படலமாகின்றன. வாய் கொப்பளித்தால் இது போகாது, தேய்த்தால்தான் போகும். தேய்க்காமல் விட்ட படலத்தில் எச்சிலின் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கல்லாக இறுகுவதுதான் காரை. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கமும், மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கமும் காரை அதிகம் பிடிக்கும் இடங்கள். எச்சில் சுரப்பிகளின் வாய் அந்த இரண்டு இடங்களை ஒட்டித்தான் திறக்கிறது. காரை ஒருமுறை இறுகிவிட்டால் பிரஷ்ஷுக்கு மசியாது.

காரையே நோயை உண்டாக்குவதில்லை. அதன் சொரசொரப்பான மேற்பரப்பு புதுக் கிருமிகள் குடியேற வசதியான இடம், அவ்வளவுதான். கிருமிகளுக்கு எதிராக உடம்பு வெள்ளையணுக்களை அனுப்புகிறது, ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. சிவப்பும் வீக்கமும் ரத்தக் கசிவும் அதனால்தான். சண்டை நீண்டுகொண்டே போனால் படலத்தின் ஆட்களும் மாறுகிறார்கள். காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே ஆழமாக இறங்குகின்றன. பார்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற கிருமி இவற்றில் பேர்போனது.

இனி நடப்பதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. எலும்பைக் கரைப்பது கிருமி இல்லை, நம் உடம்பேதான். அடங்காத அழற்சி, எலும்பை அரிக்கும் நம் சொந்த செல்களைத் தூண்டிவிடுகிறது. பல்லையும் எலும்பையும் பிணைக்கும் நார்கள் அறுபடுகின்றன. எலும்பு கிருமிகளிடமிருந்து பின்வாங்குவதுபோலக் கீழே இறங்குகிறது. ஈறு பல்லிலிருந்து விலகி ஒரு பை உண்டாகிறது. மருத்துவர்கள் பாக்கெட் என்பது இதைத்தான். நல்ல ஈறில் கம்பி 1 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான் இறங்கும். 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இறங்கினால், அந்தப் பைக்குள் பிரஷ் போகாது. உள்ளே இருப்பவை நிம்மதியாக வாழும்.

மலையகத்தில் வேகமாக நோய் பரவியவர்களுக்கு 35 வயதிலேயே பல்லின் பிடிமானம் சராசரியாக 9 மில்லிமீட்டர் போயிருந்தது. 45 வயதில் 13 மில்லிமீட்டர். ஒரு பல்லின் வேரே ஏறத்தாழ அவ்வளவு நீளம்தான்.

எந்தக் கூட்டத்தில் நீங்கள்?

ஆர்ஹூஸ் சோதனை சொன்னது: அழுக்கு இருந்தால் எல்லோருக்கும் ஈறு வீங்கும். மலையக ஆய்வு சொன்னது: ஈறு வீங்கிய எல்லோருக்கும் பல் விழாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோய் புரியும். கிருமிப் படலம் இல்லாமல் நோய் இல்லை. ஆனால் அந்தப் படலத்துக்கு உடம்பு எவ்வளவு மூர்க்கமாகப் பதில் சொல்கிறது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது.

"எங்க தாத்தா பிரஷ்ஷையே தொட்டதில்ல, எண்பது வயசுல முறுக்கு கடிச்சார்" என்று சொல்லாத குடும்பம் நம் ஊரில் இல்லை. பொய் இல்லை. அந்தத் தாத்தா 11 சதவீதத்தில் இருந்திருப்பார். அதே தெருவில் நாற்பது வயதில் பொக்கை வாயாகிப் போனவரை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. பேரன் தாத்தாவின் கூட்டத்தில்தான் இருப்பான் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

உடம்புவாகில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. பதின்வயதிலேயே முதல் கடைவாய்ப் பற்களையும் முன்பற்களையும் மட்டும் குறிவைத்துத் தாக்கும் ஒரு வகை சில குடும்பங்களில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று தொடர்ந்து வருகிறது. அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே பல் ஆடி விழுந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொத்தைக்குப் பிடுங்கியது வேறு, ஆடி விழுந்தது வேறு. பல் சொத்தை இல்லாதவர்கள், "எனக்குப் பல் பிரச்சினையே இல்லை" என்று நினைத்துக்கொண்டிருப்பதும் இதே குழப்பத்தால்தான்.

பரம்பரையை மாற்ற முடியாது. மாற்றக்கூடிய இரண்டு காரணங்கள் வேறு இருக்கின்றன: புகை, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய். புகை இதில் பெரிய சூது செய்கிறது. சிகரெட்டும் பீடியும் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ரத்தம் கசிவது குறைகிறது. ஈறு பார்க்க வெளிறி, இறுகி, நன்றாக இருப்பதுபோல் தெரியும். உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகக் கரைந்துகொண்டிருக்கும். புகையை விட்ட சில வாரங்களில் திடீரென்று ஈறில் ரத்தம் வருகிறது என்று பயந்துபோய் மறுபடி பற்றவைத்தவர்கள் உண்டு. உண்மையில் அந்த ரத்தம் ஈறு பழைய நிலைக்குத் திரும்புவதன் அடையாளம். வாயில் அடக்கும் புகையிலையோ அடக்கும் இடத்திலேயே ஈறைத் தின்று வேரை வெளியே காட்டும். வாய்ப்புற்றுநோய் ஆபத்து அதோடு சேர்ந்தது.

சர்க்கரை விஷயத்தில் போக்குவரத்து இருவழி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறுநோய் வேகமாகப் பரவுகிறது. ஆறாத ஈறு அழற்சி இன்சுலின் வேலை செய்வதைக் கெடுத்துச் சர்க்கரையை ஏற்றுகிறது. ஈறுக்கு முறையாக வைத்தியம் செய்தால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு ஏறக்குறைய 0.4 புள்ளி இறங்குகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்ப்பதால் கிடைக்கும் பலனுக்குப் பக்கத்தில் வரும். தமிழ்நாட்டில் சர்க்கரைக்குக் கண் பார்க்கச் சொல்கிறார்கள், கால் பார்க்கச் சொல்கிறார்கள், சிறுநீரகம் பார்க்கச் சொல்கிறார்கள். ஈறைப் பார்க்கச் சொல்லும் மருத்துவர் இன்னும் குறைவுதான். சொல்லாவிட்டால் நாமே கேட்க வேண்டியதுதான்.

மருந்துகளும் உண்டு. பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின், உறுப்பு மாற்று செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைப் புடைக்கவைத்துப் பல்லை மூடுகிற அளவுக்கு வளரவைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதித் தந்த மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சாதாரண அழுக்குக்கே அதிகமாக வீங்கும். அந்த நேரத்தில் பல் மருத்துவரிடம் போகக் கூடாது என்பது பெரியவர்கள் பழக்கத்தில் சொல்வது. காரையை எடுக்கும் ஸ்கேலிங்கைக் கர்ப்ப காலத்திலும் செய்துகொள்ளலாம். நான்காவது முதல் ஆறாவது மாதம் வரை இன்னும் வசதி.

இதயநோய், மறதிநோய் என்று ஈறுநோயோடு முடிச்சுப்போட்டு இப்போது நிறையப் பேசுகிறார்கள். ஈறுநோய் உள்ளவர்களுக்கு இதயநோயும் அதிகம் காணப்படுகிறது, உண்மை. ஆனால் ஈறுநோய்தான் இதயநோயை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் சொன்னது. மாரடைப்புப் பயத்தைக் காட்டித்தான் பல்லைப் பார்த்துக்கொள்ளச் செய்ய வேண்டும் என்பதில்லை. பல்லுக்காகவே பல்லைப் பார்த்துக்கொள்ளலாம்.

முப்பது வயதில் ஓர் அளவு

மலையக ஆய்வுக்கு ஒரு பின்கதை உண்டு. 1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள், மூன்று லட்சம் பேர் இலங்கைக் குடியுரிமை பெற வேண்டியவர்கள் என்று மலையக மக்கள் பங்கு பிரிக்கப்பட்டிருந்த காலம் அது. 480 பேரில் 1985இல் ஆய்வாளர்கள் கையில் மிஞ்சியவர்கள் 161 பேர். தோட்டத்தை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் அந்தக் குறைவில் நிச்சயம் இருந்திருப்பார்கள். எந்த நாட்டுக் குடிமகன் என்றே முடிவாகாதவர்களின் வாயிலிருந்துதான் உலகம் ஈறுநோயைப் படித்தது.

என்னை உறுத்துவது வேறு. அழுக்கை எடுத்தால் ஒரே வாரத்தில் ஈறு சரியாகும் என்று 1965லேயே தெரியும். தெரிந்தபிறகுதான் இந்த 15 ஆண்டு அளவெடுப்பு நடந்தது. வைத்தியம் கிடைக்காத மக்களிடம் நோயின் இயல்பான போக்கைப் படிப்பது என்பதே ஆய்வின் அடிப்படை. அதே காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க நார்வேயின் ஆஸ்லோ நகர மாணவர்களையும் படித்தவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். சின்ன வயதிலிருந்தே பல் மருத்துவம் கிடைத்தவர்கள். 40 வயதை நெருங்கும்போது அவர்களின் சராசரிப் பிடிமான இழப்பு ஒன்றரை மில்லிமீட்டர், தோட்டத் தொழிலாளர்களுக்கு நாலரை. இன்றைய நெறிமுறைக் குழு ஒன்றின் முன்னால் இப்படி ஓர் ஆய்வுத் திட்டத்தை வைத்தால் தேறாது என்றே நினைக்கிறேன். அறிவு கிடைத்தது, விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் பாடத்தோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

2010இல், ஆய்வு தொடங்கி நாற்பது ஆண்டு கழித்து, இன்னும் தேடிக் கண்டுபிடிக்க முடிந்த 75 பேரை மறுபடி பரிசோதித்தார்கள். 30 வயதில் பிடிமான இழப்பு 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தவர்களுக்கு 60 வயதில் 20 பல்லாவது தங்கும் வாய்ப்பு அதிகம் என்று அதில் தெரிந்தது. 20 பல் இருந்தால் பல்செட் இல்லாமலேயே பெரும்பாலான உணவை மென்று சாப்பிட முடியும். தீவிர ஈறுநோய் உலக அளவில் அதிகமாகத் தலைகாட்டும் வயதும் 38ஐ ஒட்டியே. ஆகவே முப்பதைத் தொடும்போது ஒருமுறை அளந்து பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

அளப்பது என்றால் அதே கம்பிதான். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் பையின் ஆழத்தை எடுத்து எழுதுவார்கள். ரத்தம் கசியும் இடங்களைக் குறிப்பார்கள். தேவைப்பட்டால் எலும்பின் மட்டம் தெரிய எக்ஸ்ரே. பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கும். கண்ணாடியை வைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஸ்கேலிங் பண்ணிக்கோங்க" என்று சொல்வது பரிசோதனை ஆகாது. என் ஈறின் ஆழம் எத்தனை என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

2017இல் உலக நிபுணர்கள் கூடி, நோயைக் கட்டம் 1 முதல் 4 வரையும், வேகத்தை ஏ, பி, சி என்றும் புதிதாக வகுத்தார்கள். எவ்வளவு அழிந்திருக்கிறது என்பது கட்டம். எவ்வளவு வேகமாக அழிகிறது என்பது கிரேடு. ஒரு நாளைக்கு 10 சிகரெட்டும் அதற்கு மேலும் புகைப்பவரும், ஹெச்பிஏ1சி 7ஐத் தொட்டுவிட்ட சர்க்கரை நோயாளியும் சி கிரேடுக்குப் போய்விடுகிறார்கள். இந்த மூன்று எழுத்துகளில் தோட்டத்து மூன்று கூட்டங்களின் சாயல் எனக்குத் தெரிகிறது.

வைத்தியம்: பயங்களும் உண்மையும்

ஈறுநோய் வலிக்காது. பெரும்பாலும் கடைசி வரை வலிக்காது. பல் ஆடும்போதோ சீழ் கட்டும்போதோதான் வலி வரும்; அப்போது நிறையத் தாமதமாகிவிட்டிருக்கும். அதற்கு முன் வரும் அறிகுறிகள் சாதுவானவை: பிரஷ்ஷில் ரத்தம், கடித்த கொய்யாப் பழத்தில் ரத்தக் கறை, காலையில் துலக்கியும் போகாத வாய்நாற்றம், முன்பற்கள் மெல்ல விலகி இடைவெளி விழுவது, பல் நீண்டுவிட்டதுபோல் தெரிவது. ரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விடுவதுதான் பலர் செய்வது. அந்த இடம்தான் இன்னும் நன்றாகத் துலக்கப்பட வேண்டிய இடம்.

வைத்தியத்தின் முதல் படி ஸ்கேலிங். அதிரும் கருவியால் காரையை உடைத்து எடுப்பது. பை ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேரின் மேற்பரப்பையும் சுத்தம் செய்வார்கள். இதற்கு இரண்டு, மூன்று சிட்டிங் ஆகலாம். பிறகு ஆறிலிருந்து எட்டு வாரம் விட்டு மறுபடி அளப்பார்கள். பல இடங்களில் பை சுருங்கியிருக்கும். 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இன்னும் இருக்கும் இடங்களில் மட்டும் ஈறைத் திறந்து செய்யும் ஃபிளாப் அறுவைக்குப் போவார்கள். எலும்புத் தூள் வைத்து வளர்ப்பது குறிப்பிட்ட வடிவக் குழிகளில்தான் பலிக்கும். எலும்பு பரவலாகத் தேய்ந்த இடத்தில் அது வேலை செய்யாது.

"சுத்தம் பண்ணினதுக்கப்புறம்தான் பல் ஆட ஆரம்பிச்சுது" என்ற புகார் எல்லா ஊரிலும் உண்டு. நோயாளி சொல்வது அனுபவம். அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் தவறு. எலும்பு கரைந்த பற்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது காரை. அதை எடுத்ததும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. பல்லுக்கு நடுவே இருந்த காரையும் வீக்கமும் போனதால் இடைவெளி தெரிகிறது. மூடியிருந்த வேர் வெளியே வருவதால் சில வாரம் கூசும். பல்லின் எனாமல் போய்விடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. இதையெல்லாம் மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அவசரத்தில் பலர் சொல்வதில்லை.

மவுத்வாஷ் பற்றி ஒரு வார்த்தை. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு நல்ல மருந்து. அது படலத்தைத் தடுக்கும் என்று 1970இல் காட்டியவர்களில் லோவும் ஒருவர். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டித் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். ஏற்கெனவே படிந்த படலத்துக்குள்ளும் ஆழமான பைக்குள்ளும் அது போய்ச் சேராது. ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் தனியாக நோயைத் தீர்க்காது. படலத்தை உடைக்காமல் கொடுத்தால் உள்ளே உள்ளவற்றை எட்டாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி நாலு நாள் சாப்பிட்டு வீக்கம் அடங்கினால் நோய் போய்விட்டதாக நினைப்பது நம்மிடம் உள்ள பெரிய ஏமாற்றம்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, அங்கேயே சிறிதாக அசைக்க வேண்டும். மரம் அறுப்பதுபோல் குறுக்கே இழுத்தால் ஈறு இறங்கும், பல் தேயும். காலையில் வேகமாகத் துலக்குவதைவிட இரவில் படுக்கும் முன் இரண்டு நிமிடம் துலக்குவது முக்கியம். தூக்கத்தில் எச்சில் வற்றுவதால் கிருமிகளுக்கு இரவுதான் கொண்டாட்டம். எவ்வளவு நன்றாகத் துலக்கினாலும் பல்லிடுக்குக்குள் பிரஷ் போகாது. ஈறுநோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. இடைவெளி உள்ளவர்களுக்குச் சின்னப் புட்டி கழுவும் பிரஷ் வடிவில் வரும் பல்லிடுக்கு பிரஷ், இறுக்கமான பல் உள்ளவர்களுக்கு நூல். ஓட்டல் கல்லாவில் எடுக்கும் குச்சி இரண்டுக்கும் ஈடாகாது.

வேப்பங்குச்சியை முறையாக மென்று துலக்கினால் அழுக்கு போகும். கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் அதற்கு எட்டாது என்பதுதான் குறை. சாம்பல், செங்கல் தூள், உப்பு கலந்த கரித்தூள் எல்லாம் பல்லைத் தேய்த்துக் குறைப்பவை. எண்ணெய் கொப்பளிப்பது இதமாக இருக்கலாம். காரையை அது எடுக்காது.

முடியாத வைத்தியம்

மலையகத்தில் அளவெடுப்பு நடந்துகொண்டிருந்த அதே 1970களின் தொடக்கத்தில், ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் நேர்மாறான ஓர் ஆய்வு தொடங்கியது. அங்கே ஆட்களுக்குப் பல் துலக்கவும் இடுக்கைச் சுத்தம் செய்யவும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் வரவழைத்துச் சுத்தம் செய்தார்கள். முப்பது ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தால் ஒருவருக்குச் சராசரியாகப் போன பல் இரண்டைக்கூட எட்டவில்லை. போனவற்றில் பெரும்பாலானவை வேர் முறிந்து போனவை. ஈறுநோயால் போனவை மிகச் சில.

கார்ல்ஸ்டாட்டில் நவீன மருந்து எதுவும் இல்லை. திரும்பத் திரும்ப வரவழைத்ததுதான் மருந்து. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் போல ஈறுநோய்க்கும் ஒருமுறை வைத்தியம் செய்து முடித்துவிட முடியாது. சுத்தம் செய்த பைக்குள் அதே கிருமிகள் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மறுபடி குடியேறுகின்றன. அதனால்தான் நோய் இருந்தவர்களை மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். நோயில்லாதவர்களுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ போதும். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும், பல் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகளிலும் ஸ்கேலிங் செய்கிறார்கள். தனியாரில் ஆகும் செலவு அங்கே ஆகாது. வரிசையில் நிற்கும் நேரம்தான் செலவு.

எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு, எலும்பில் திருகிப் பொருத்தும் இம்பிளான்ட் போட்டுக்கொண்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இப்போது அதிகமாகிவருகிறார்கள். டைட்டானியம் திருகுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியும் அதே படலம் படியும், அதே அழற்சி வரும், எலும்பும் கரையும். ஈறுநோயால் பல்லை இழந்தவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். சொந்தப் பல்லைச் சுற்றி இருக்கும் நார்களின் காவல் திருகுக்குக் கிடையாது. மரைகளுக்கு இடையே கிருமி புகுந்துவிட்டால் சுத்தம் செய்வதும் பல்லைவிடக் கடினம். இம்பிளான்ட் போடுவதற்கு முன் ஈறுநோயை அடக்க வேண்டும். போட்ட பிறகும் அதே மூன்று, நான்கு மாதக் கணக்கில் போய்க்கொண்டிருக்க வேண்டும்.